வாய்வார்த்தையா, திங்கட்கிழமை மனுவா, ஆணையருக்குக் கடிதமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி. ஐந்தாவது வரை கீழே, ஆறாவதிலிருந்து மாடி. மூளை முடக்குவாதம் உள்ள என் மகன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். ஆறாம் வகுப்பைக் கீழே நடத்துங்கள் என்பதுதான் நான் கேட்டது. அதற்கு மூன்று வழியிலும் நடந்தாகிவிட்டது.

முதலில் பேசிப் பார்த்தோம். நம்மூரில் எல்லாரும் செய்வது அதுதான், செய்யவும் வேண்டும். செலவில்லை, மனக்கசப்பும் இல்லை. அப்போதிருந்த தலைமையாசிரியர், "அதுக்கென்னங்க அம்மிணி, வகுப்பையே கீழ கொண்டாந்துறலாம்" என்றார். சொன்னது மார்ச்சில். ஜூனில் பள்ளி திறந்தபோது பொதுமாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர், "எங்கிட்ட யாரும் சொல்லலீங்களே" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, நிஜமாகவே யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்து, திங்கட்கிழமை ஈரோடு கலெக்டர் ஆபீஸில் மனு. ஒரு நாள் கூலி போகும், மனு எண் கையில் வரும். உதவித்தொகை, உபகரணம் மாதிரி விஷயத்துக்கு இதுவே போதும் என்பேன். பள்ளி விவகாரம் அப்படியில்லை. மனு கல்வித்துறைக்குப் போய், படிப்படியாக இறங்கி, யாரைப் பற்றிச் சொன்னோமோ அவர் மேசைக்கே வந்து சேர்ந்தது. எங்களுக்கு வந்த பதில் ஒரே வரி: பரிசீலிக்கப்படும்.

மூன்றாவதாக, சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல மாநில ஆணையருக்குப் பதிவுத் தபால். நான் சாய்வது இந்தப் பக்கம்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடம் குழந்தைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு என்கிறது 31ஆம் பிரிவு. இந்த உரிமை மறுக்கப்பட்டால் ஆணையர் விசாரிக்கலாம். ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. நான் வக்கீல் வைக்கவில்லை. இரண்டு பக்கக் கடிதம், ஊனச் சான்று, அடையாள அட்டை நகல், மாடிப்படியின் போட்டோ, அவ்வளவுதான். அதன் நகல் ஒன்றைப் பள்ளிக்கும் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆணையர் தருவது பரிந்துரை, தீர்ப்பு அல்ல. என்ன செய்தோம் என்றோ, ஏற்க முடியாது என்றால் ஏன் என்றோ மூன்று மாதத்துக்குள் சம்பந்தப்பட்டவர்கள் சொல்லியாக வேண்டும். எங்கள் விஷயம் அதுவரை போகவில்லை. ஆணையரிடமிருந்து பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த வாரமே வகுப்பு கீழே வந்துவிட்டது. அதனால் விசாரணை எப்படி நடக்கும் என்பதை அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது. ஐகோர்ட்டும் அப்படித்தான், அந்தப் பக்கம் நான் போனதில்லை.

பின்னே ஏன் இந்த வழி என்கிறேன்? காகிதத்துக்கு மாறுதல் கிடையாது. "எட்டாவது முடியும் வரை இம்மாணவரின் வகுப்பு தரைத்தளத்தில் நடைபெறும்" என்று பள்ளி எழுதிக்கொடுத்த பதில் கோப்பில் இருக்கிறது. இந்த ஜூனில் மறுபடியும் தலைமையாசிரியர் மாறினார். நான் போய்ப் பேசுவதற்கு முன்பே அவர் கோப்பைப் பார்த்திருந்தார். "கீழதானுங்க, தெரியும்" என்றார்.

கசப்பு வராதா என்றால், வந்தது. இரண்டு மாதம் ஆசிரியர்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையனிடம் அதைக் காட்டவில்லை, அது பெரிய விஷயம். அதனால்தான் முதலில் பேசுங்கள் என்கிறேன். பேசி முடித்த அன்றைக்கே அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கிவிடுங்கள். மார்ச்சிலேயே நான் அதைச் செய்திருந்தால் தபால் செலவும் மிச்சம்.

ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி. அங்கே வகுப்பு எந்தத் தளம் என்று பார்க்க அடுத்த வாரம் போகிறேன்.