ஏஐ பார்க்கட்டும், கையெழுத்து என்னுடையது: டோக்கன் அனுமதிக் கருவியோடு ஓராண்டு

என் கிரிப்டோ வாலட்டின் அப்ரூவல் பட்டியலை, அதாவது என் டோக்கன்களை எடுக்க நான் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன் என்பதை, முதன்முதலாகத் திறந்தபோது அதில் 41 அனுமதிகள் இருந்தன. பாதிக்கு மேல், ஒரே ஒரு தடவை ஸ்வாப் (ஒரு டோக்கனை இன்னொன்றாக மாற்றுவது) செய்துவிட்டு மறந்துபோன தளங்களுக்குக் கொடுத்தவை. டிஸ்கனெக்ட் அழுத்தினால் கதை முடிந்தது என்றே நினைத்திருந்தேன். அந்தப் பொத்தான் தளத்துக்கும் வாலட்டுக்கும் இடையிலான இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும். ப்ளாக்செயினில் எழுதிய அனுமதி ரிவோக் (ரத்து) செய்யும்வரை அப்படியே கிடக்கும்.

எத்தீரியத்தின் பொதுவான டோக்கன் வகையான இஆர்சி-20-இல் ஒரு தளத்தின் கான்ட்ராக்டுக்கு (ப்ளாக்செயினில் ஓடும் நிரல்) நாம் 'அப்ரூவ்' கொடுத்துவிட்டால், அந்தக் கான்ட்ராக்ட் நம்மிடம் மறுபடி கேட்காமலே வரம்பு தீரும்வரை டோக்கனை எடுக்கலாம். பல தளங்கள் வரம்பே இல்லாத தொகைக்குத்தான் கேட்கின்றன. 2021 டிசம்பரில் பேட்ஜர்டாவோ என்ற கிரிப்டோ தளத்தின் முகப்பில் யாரோ புகுத்திய ஸ்கிரிப்ட் பயனர்களிடம் இப்படித்தான் அனுமதி வாங்கியது. போனது சுமார் 12 கோடி டாலர்.

நான் பயன்படுத்துவது எம்சிபி (ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது முறை) வழியாக ஏஐ உரையாடலோடு இணையும் கருவி. அதற்கு என் பொது முகவரியை மட்டும் கொடுத்திருக்கிறேன். பட்டியலைப் படிக்கும், ரிவோக் பரிவர்த்தனையைத் தயாரித்துத் தரும். கையெழுத்து ஹார்ட்வேர் வாலட்டில் (ரகசியச் சாவியை வைத்திருக்கும் தனிச் சாதனம்), என் விரலால். தானாகக் கையெழுத்திடும் வசதியும் அதில் உண்டு. முதல் நாளே அணைத்துவிட்டேன்.

வேலை சுலபமானது உண்மை. "ஆறு மாதமாகத் தொடாத, வரம்பில்லாத அனுமதிகளில் இப்போது இருப்பு உள்ள டோக்கன்கள் எவை?" என்று பேச்சு வழக்கிலேயே கேட்கலாம். ரிவோக் ஒவ்வொன்றுக்கும் கேஸ் கட்டணம் (பரிவர்த்தனைக்கு நெட்வொர்க் வாங்குவது) உண்டு என்பதால் எதை முதலில் நீக்குவது என்ற வரிசை முக்கியம். மூன்று வாரத்தில் 41 என்பது 9 ஆனது. எத்தீரியத்தில் யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி இருக்கும் ஸ்டேபிள்காயின்) அனுமதியைக் குறைக்கச் சொன்னபோது இரண்டு பரிவர்த்தனைகளை நீட்டியது. கருவி உளறுகிறது என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் அது சொன்னதுதான் சரி: அந்தக் கான்ட்ராக்டில் முதலில் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டுத்தான் புதுத் தொகை வைக்க முடியும்.

ஆனால் நாலாவது மாதம் ஒரு கூத்து. ஒரு அனுமதியை "மிகச் சொற்பம், விட்டுவிடலாம்" என்றது. ப்ளாக்செயின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் 500 டாலர் ஸ்டேபிள்காயின். ப்ளாக்செயினில் தொகை முழு எண்ணாகத்தான் இருக்கும், டோக்கனின் தசம இடங்களுக்கு ஏற்ப வகுக்க வேண்டும். அந்த டோக்கனுக்கு 6 தசம இடங்கள். ஏஐ வழக்கமான 18 என்று எடுத்துக்கொண்டு 0.0000000005 எனக் கணக்குப் போட்டிருந்தது. தொகையை அது சொல்லும் வாக்கியத்தில் பார்ப்பதை அன்றோடு விட்டேன். கருவி தரும் மூல எண்ணையும் தசம இடங்களையும் தனியாகக் காட்டச் சொல்லி, நானே வகுத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று நிஜமாகவே பயமுறுத்தியது. யாரோ இலவசமாக அனுப்பிய குப்பை டோக்கன் ஒன்றின் பெயரே ஒரு கட்டளை: பாதுகாப்புக்காக இந்த முகவரிக்கு அனுமதி கொடுக்கவும் என்று. ஏஐ அதைப் பெயராகப் படிக்கவில்லை, பரிந்துரையாக எடுத்துக்கொண்டு அடுத்த பதிலிலேயே எனக்கு அறிவுரை சொன்னது. தானியங்கிக் கையெழுத்து இயக்கத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அன்று இரவு தூக்கமே இல்லை. இப்போது டோக்கன் பெயர்களை மறைத்து, கான்ட்ராக்ட் முகவரிகளை மட்டும் அனுப்பும்படி அமைத்திருக்கிறேன். படிக்கக் கடுப்பாக இருக்கிறது, பரவாயில்லை.

தீராத குறை ஒன்று உண்டு. 'பெர்மிட்' வகை அனுமதிகள் வெறும் கையெழுத்துதான். யாராவது பயன்படுத்தும்வரை ப்ளாக்செயினில் தடயமே இருக்காது. ஆகவே ஏஐ பட்டியலைப் பார்த்து "எல்லாம் சுத்தம்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அதற்குத் தெரிந்தவரை சுத்தம், அவ்வளவே. பெர்மிட் கேட்கும் தளங்களுக்கு இப்போது தனி வாலட் வைத்திருக்கிறேன். அன்றைய வேலைக்குத் தேவையானதை மட்டும் அதில் போடுகிறேன். பெரிய வாலட்டில் இன்றைக்கு இருக்கும் அனுமதிகள் 4.