ஏற்காடு ஏறும் பழைய லாரி: இன்ஜின் பிடித்துக்கொண்டால் எங்கே கை வைப்பது

அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு, மேலே போய்ச் சேரும்போது சுமார் 1,500 மீட்டர் உயரம். காபி மூட்டை, மிளகு, சில்வர் ஓக் மரம், சிமென்ட் என்று இந்த ரோட்டிலேயே வருஷக்கணக்கில் ஓடும் ஆறு சிலிண்டர் பழைய டீசல் வண்டிகள் லேசில் சாகாது. ஆனால் "இன்ஜின் சீஸ்" (இன்ஜின் இறுகிச் சுற்றாமல் நிற்பது) என்று சொல்லி, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிய வண்டிகளில் பலவற்றுக்கு ஹெட்டைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை அடித்தால் ஒரே ஒரு "டக்", அவ்வளவுதான். அப்போது ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் குறையாமல் நின்றால் சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), கேபிள், எர்த் பட்டை இவற்றில்தான் கோளாறு. வெளிச்சம் அடியோடு இறங்கினால் பேட்டரி செத்திருக்கலாம், இன்ஜினும் பிடித்திருக்கலாம். அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வெளியே எடுங்கள். அதன் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் ஃப்ளைவீலின் ரிங் கியரில் சிக்கி நின்றாலே இன்ஜின் அசையாது. பெல்ட்டையும் கழற்றினால் ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் கணக்கிலிருந்து போய்விடும். கிளட்சை மிதித்தபோது மட்டும் சுற்றினால் குற்றவாளி கியர்பாக்ஸ். ஏர் கம்ப்ரசர் டைமிங் கியரில் ஓடும் வண்டியில் அதன் போல்ட்டைக் கழற்றி வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். டீசலில் தண்ணீர் கலந்து டீசல் பம்பு பிடித்துக்கொள்வதும் உண்டு; பம்பு கப்ளிங்கைப் பிரித்தால் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகும் அசையவில்லை என்றால் இன்ஜினுக்குள் போகலாம். முதலில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு நாசிலையும் கழற்றுங்கள். இதை விட்டுவிட்டு நான்கடி பைப்பைப் போட்டு இழுப்பதுதான் பெரிய தப்பு. ஹெட் கேஸ்கட் போய் சிலிண்டரில் தண்ணீர் நின்றிருந்தால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில் கழற்றிய பிறகு புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, முன்னால் நின்று பார்த்தால் வலச்சுற்றாக மெதுவாகத் திருப்புங்கள். முகத்தை ஹெட்டுக்கு மேலே நீட்டாதீர்கள். நாசில் ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சினால் விஷயம் அதுதான். கொஞ்சம் சுற்றி, எப்போதும் ஒரே இடத்தில் டங்கென்று நின்றால் உள்ளே ஏதோ உடைந்து குறுக்கே கிடக்கிறது, இல்லையேல் வால்வு பிஸ்டனில் இடிக்கிறது. துளியும் அசையவில்லை என்றால் பேரிங் அல்லது பிஸ்டன்.

வண்டி ஓடும்போது நின்றதா, நிறுத்தி வைத்திருந்தபோது பிடித்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

நிறுத்தி வைத்திருந்த வண்டி என்றால் பெரும்பாலும் துரு. ஏற்காட்டுப் பனியில் ஒரு மழைக்காலம் சும்மா நின்றால் போதும், வால்வு திறந்திருந்த சிலிண்டரில் பிஸ்டன் ரிங் லைனரோடு (சிலிண்டரின் உட்சுவரோடு) ஒட்டிக்கொள்ளும். பவர் ஸ்டியரிங் ஆயிலும் டீசலும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 50 மில்லி ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு முன்னும் பின்னும் நூலளவு அசைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டும், ஒரே இழுப்பில் அல்ல. விட்டதும் நாசில் இல்லாமலே சுற்றி உள்ளே நிற்பதை வெளியேற்றி, சம்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கும் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். ஊற்றியது ரிங் வழியாக அதில்தான் இறங்கியிருக்கும்.

ஓட்டத்தில் நின்ற வண்டியில் ஹீட்டா ஆயிலா என்று பிரிக்க வேண்டும். ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரில் பளு முழுக்க இன்ஜின் மேல், ரேடியேட்டருக்குக் காற்றோ குறைவு. மேலே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால், கீழே சமாளித்த லூசான ரேடியேட்டர் மூடி அங்கே கைவிட்டுவிடும். சூட்டில் பிடித்த இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஹெட் வெடிக்கும். நாலைந்து மணி நேரம் ஆறியதும் தானே சுற்றலாம். அதை நம்பி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சம்பைக் கழற்றி கீழிருந்து டார்ச் அடித்தால் லைனரில் நெடுக்குக் கீறல் தெரியும்.

ஆயில் குறைந்து பிடித்த கதை வேறு. டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டை ஒட்டி ஆயில் இருந்தால் சேலம் சமவெளியில் ஓடிவிடும். மலைச் சரிவிலும் வளைவிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் காற்றை இழுக்கும், ஆயில் பிரஷர் கேஜ் முள் விழுந்து எழும். அந்த முள் ஆட்டத்தைக் கண்டும் காணாமல் விடுவதுதான் பேரிங்கைத் தின்கிறது. என்னைக் கேட்டால் மலையேறும் வண்டிக்கு மேல்க்கோடுதான் அளவு.

சம்பின் டிரெயின் போல்ட்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஆயிலுக்கு முன் தண்ணீர் சொட்டினால் கசிவு உள்ளே. பிறகு ஆயில் ஃபில்டரை அறுத்து, காகிதத்தை மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணியில் விரித்து, வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுங்கும் பொடி பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறத் துணுக்கு வந்தால் அடுத்த அடுக்கும் தேய்ந்துவிட்டது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ரிங், லைனர், கியர் பக்கம் தேடுங்கள்.

பேரிங்தான் என்றால் கனெக்டிங் ராடைக் கிராங்கோடு பிடிக்கும் பிக் எண்ட் கேப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் கிராங்கைத் திருப்பிப் பாருங்கள். எதைத் தளர்த்தியதும் விடுகிறதோ அதுதான் இடம். கேப்பில் எண் குத்தாமல் கழற்றாதீர்கள், மாறிப் போட்டால் பொருந்தாது. ஜர்னல் (கிராங்கில் பேரிங் உட்காரும் இடம்) சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் லேத்துக்குப் போவதற்கு முன் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிரைண்டிங் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று போகும். பத்து என்றால் கால் மில்லிமீட்டர். ஏற்கெனவே நாற்பதில் இருக்கும் கிராங்கை மாற்றுவதே மேல். கிராங்கின் ஆயில் ஓட்டைகளையும் ஆயில் கூலரையும் கழுவாமல் மாட்டினால் அங்கே தங்கிய பொடி புதுப் பேரிங்கை முதல் ட்ரிப்பிலேயே கீறிவிடும்.

மாட்டி முடித்ததும் டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி செல்ஃபைப் பத்து விநாடி அடித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி அடியுங்கள். ஆயில் கேஜ் முள் எழுந்த பிறகுதான் கேபிளை விட வேண்டும்.