ஸ்லிப்-ஆன் முதல் ஃபுல் சிஸ்டம் வரை: எக்ஸாஸ்ட் மாற்றியதில் நிஜமாகக் கிடைத்தது என்ன?

சத்தத்துக்காக மட்டும் மாற்றுபவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. எதை மாட்டினாலும் சத்தம் கூடத்தான் செய்யும். என்னுடையது 600 சிசி, நான்கு சிலிண்டர் ஸ்போர்ட் பைக். சாலையில் ஓட்டிய காலத்தில் ஸ்லிப்-ஆன். வண்டி ட்ராக்குக்கு மட்டும் என்றான பிறகு ஃபுல் சிஸ்டம். இரண்டோடும் சில வருடங்கள் வாழ்ந்தாயிற்று.

ஸ்லிப்-ஆனைப் பற்றிச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கடைசி டப்பாவை மட்டும் மாற்றுகிறோம். எஞ்சினிலிருந்து வளைந்து வரும் பெண்டு பைப், புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டர் எல்லாம் அப்படியே இருக்கும். வண்டியின் பவரை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றினால் ஒன்றோ இரண்டோ எச்பி கூடுதலாகக் காட்டலாம். எதையும் தொடாமல் அதே வண்டியை அடுத்தடுத்து ஏற்றினாலே அந்த அளவு ஏறி இறங்கும். ஆகவே அதை லாபக் கணக்கில் சேர்க்க மாட்டேன். குறைந்த எடைதான் உண்மையான லாபம். ஸ்டாக் டப்பா உள்ளே பல அறைகள் வைத்துக் கட்டிய கனமான சாமான். அது பின்கோடியில் உயரத்தில் தொங்குவதால், சில கிலோ குறைந்ததுமே வளைவுகளில் இடம் வலம் சாய்க்கும்போது வித்தியாசம் கையில் தெரிந்தது.

ஃபுல் சிஸ்டம் கதையே வேறு. எஞ்சினிலிருந்து கடைசி டப்பா வரை எக்ஸாஸ்ட் மொத்தத்தையும் மாற்றுகிறோம். "பேக் பிரஷர் இல்லாவிட்டால் டார்க் போய்விடும்" என்று சொல்லாதவர் கிடையாது. பேக் பிரஷர் என்றால் புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிர் அழுத்தம், டார்க் என்றால் எஞ்சினின் இழுவிசை. டார்க் குறைவது உண்மை, சொல்லும் காரணம்தான் தப்பு. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. பைப்புகள் ஒன்றுசேரும் கலெக்டரில் இடம் திடீரென அகலமாவதால், அதில் ஒரு பங்கு உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் லேசாகத் திறந்திருக்கும் ஓவர்லேப் நேரத்தில் அது வந்து சேர்ந்தால், எரிந்த மிச்சத்தை வெளியே இழுப்பதோடு புதுக் கலவையையும் உள்ளே வரவழைக்கும். 10,000 ஆர்பிஎம்மில் வால்வு திறந்ததிலிருந்து ஓவர்லேப் வரை ஏறத்தாழ 4 மில்லி வினாடிதான் இருக்கிறது. சூடான புகையில் அலை வினாடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். போய்த் திரும்ப மொத்தம் 2 மீட்டர் சொச்சம்! பைப்பின் நீளமும் விட்டமும் இந்தக் கணக்கில்தான் முடிவாகின்றன.

சிக்கலும் இதே கணக்கில்தான் இருக்கிறது. 5,000 ஆர்பிஎம்மில் அந்த இடைவெளி இரு மடங்காகிறது. உறிஞ்சும் அலை முன்கூட்டியே வந்து போய்விடும். ஓவர்லேப் நேரத்தில் அதற்கு நேரெதிரான அழுத்த அலை வந்து நின்றால் புகை சிலிண்டருக்குள்ளேயே திரும்புகிறது. டைனோ வரைபடத்தின் டார்க் கோட்டில் குழி விழுவது அங்கேதான். யமஹா 1980களில் எக்ஸப் என்ற பெயரில் எக்ஸாஸ்ட் பைப்புக்குள் மோட்டாரால் இயங்கும் வால்வு வைத்ததே இந்தக் குழியை நிரப்பத்தான். ரேஸ் சிஸ்டம் மாட்டும்போது பெரும்பாலும் கழற்றி வீசப்படுவதும் அந்த வால்வுதான்.

என் வண்டியில் அது எப்படித் தெரிந்தது என்றால்: இரண்டாவது கியர், வளைவிலிருந்து வெளியே வரும் நேரம், 5,500க்குப் பக்கத்தில் த்ராட்டிலைத் திறந்தால் வண்டி ஒரு நொடி யோசிக்கும். மெல்ல ஊர்ந்து 7,500 தாண்டியதும் ஒரே பாய்ச்சல். பின் டயர் இன்னும் சாய்ந்தே இருக்கும்போது இப்படிப் பாய்ந்தால் நெஞ்சு திக்கென்கிறது. அதற்கு மேலான ஆர்பிஎம்மில் வண்டி பிரமாதமாகத்தான் ஓடியது. ஆனால் வளைவு முடியும் இடத்தில் எனக்கு வேண்டியது 5,500 முதல் 8,000 வரை கயிறு இழுத்ததுபோல் சீரான இழுவை.

அதைத் தந்தது பைப் இல்லை, ஈசியு மேப்; அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று எழுதியிருக்கும் அட்டவணை. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சர் தானாகவே சரிசெய்துகொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அது பெட்ரோலைத் திருத்துவது சீராக உருட்டி ஓட்டும்போது மட்டும்தான், அதுவும் காற்று 14.7க்குப் பெட்ரோல் 1 என்ற எடை விகிதத்தை நோக்கித்தான். முழுசாக முறுக்கினால் ஈசியு தனக்குள் எழுதி வைத்த அட்டவணையைத்தான் பார்க்கும். அந்த நேரத்தில் நமக்கு 13க்கு 1 அளவில் வேண்டும். காற்றோட்டம் கூடி, அட்டவணை பழையதாகவே இருந்தால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் போதாமல் போகும், சூடும் ஏறும். டைனோவில் ஒவ்வொரு த்ராட்டில் நிலையிலும் பெட்ரோலை எழுதித் திருத்திய பிறகு குழி ஆழம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை, போகவும் போகாது. மேப் இல்லாமல் ஃபுல் சிஸ்டம் மாட்டுவதைவிட ஸ்டாக்கிலேயே ஓட்டுவது மேல்.

மாட்டும் வேலையில் அவசரம் ஆகாது. சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் ஸ்டட்கள் வருடக்கணக்கில் சூட்டில் வெந்து துருப்பிடித்திருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடாமல் ஸ்பானரைப் போட்டால் முறியும். ஹெட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போடுங்கள். எல்லா நட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றி, டப்பாவையும் தொங்கவிட்டு, பைப் தன் போக்கில் உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்சைத் தொட வேண்டும். வலிந்து இழுத்து முடுக்கிய பைப் பிறகு வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். ஸ்டார்ட் செய்யும் முன் பைப்பை ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் விரல் ரேகை அதில் சுட்டுப் பதிந்து அப்படியே நிற்கும்.

த்ராட்டிலை மூடும்போது பட் பட்டென்று வெடிப்பதை ரசிப்பவர்கள் உண்டு. என் வண்டியில் மேப்புக்குப் பிறகு நின்றுபோன அது ஒருநாள் திரும்பி வந்தது. பார்த்தால் ஒரு பைப்பின் கேஸ்கெட் பக்கம் கருப்பாகப் புகைக் கோடு. இடைவெளி வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாத பெட்ரோல் பைப்புக்குள் எரிந்திருக்கிறது. அந்தக் காற்று லாம்டா சென்சரையும் ஏமாற்றும். லீன் என்று நினைத்து ஈசியு பெட்ரோலைக் கூட்டிவிடும்.

காலப்போக்கில் முதலில் தளர்வது டப்பாவுக்குள் இருக்கும் கிளாஸ் வூல். சூட்டில் பொடிந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துபோகும். சத்தம் தகரடப்பா மாதிரி ஆனால் ரிவெட்டைத் துளைத்துப் பிரித்துப் புதிதாகச் சுற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. சத்தத்தை அடக்க டப்பா வாயில் செருகியிருக்கும் டிபி கில்லரை நான் கழற்றுவதில்லை. ட்ராக்கில் சத்தம் அளப்பவர் பைப் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில் மீட்டரைப் பிடிப்பார். அளவு தாண்டினால் அன்றைய ஓட்டம் போச்சு. டிபி கில்லரை எடுத்தால் வேகம் கூடுகிறது என்பதற்கு என் டைனோ தாளில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

இதே வண்டியைச் சாலையில் ஓட்டுவதாக இருந்தால் ஸ்லிப்-ஆனோடு நிறுத்தியிருப்பேன். கேடலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டுப் பொதுச்சாலையில் ஓட்டுவது பல நாடுகளில் குற்றம். கூடுதல் எச்பி கிடைக்கும் ஆர்பிஎம்மைச் சாலையில் தொடுவதும் அபூர்வம். எதைப் போட்டாலும் ஸ்டாக் சிஸ்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பைப்புக்குள் இருக்கும் வால்வை இயக்கும் சர்வோ மோட்டார், கேபிள், லாம்டா சென்சர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, பைப் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். பூச்சி கூடு கட்டிவிடும்.