எஸ்பிஎஸ்எஸ்ஸா, ஆர்-ஆ? பரிசோதனை உளவியலுக்குப் புள்ளியியல் கற்பவர்களுக்கு

எஸ்பிஎஸ்எஸ், ஆர் இரண்டும் புள்ளியியல் மென்பொருள்கள்; இரண்டிலும் வேலை பார்த்துவிட்டு ஆர் பக்கம் வந்து சேர்ந்தவன் நான். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எஸ்பிஎஸ்எஸ் 1968-இல் வந்தது, இப்போது ஐபிஎம்மிடம் இருக்கிறது, உரிமத்துக்குக் காசு கட்ட வேண்டும். ஆர் இலவசம். எஸ்பிஎஸ்எஸ்ஸில் மெனுவைத் திறந்து டி-சோதனையை (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) சொடுக்கினால் முதல் நாளே அட்டவணை வந்துவிடும். ஆரில் தரவுக் கோப்பைத் திறப்பதற்கே ஒரு மாலை போகலாம்.

ஆனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: செய்த பகுப்பாய்வை மறுபடி செய்ய முடிகிறதா?

ஸ்ட்ரூப் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 'சிவப்பு' என்ற சொல் பச்சை நிறத்தில் திரையில் வரும், நிறத்துக்கான விசையை அழுத்த வேண்டும். 40 பேர், ஆளுக்கு 120 முறை என்றால் 4,800 வரிகள். தவறான பதில்களை நீக்க வேண்டும், 200 மில்லிநொடிக்குள் வந்தவற்றை நீக்க வேண்டும் (அது நிறத்தைப் பார்த்து அழுத்தியதாக இருக்காது, கை முந்திக்கொண்டது), 2,000-ஐத் தாண்டியவற்றையும் நீக்கி, ஆளுக்கு ஆள் சராசரி எடுத்து, அதற்கப்புறம்தான் சோதனையே. மூன்று மாதம் கழித்து வழிகாட்டி, "மேல் வரம்பை 1,500 ஆக்கினாலும் முடிவு நிற்குமா?" என்று கேட்பார். ஆரில் ஓர் எண்ணை மாற்றி ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பை) ஓட்டினால் வரைபடம்வரை எல்லாம் புதிதாக வந்துவிடும். மெனுவிலேயே செய்திருந்தால், எதை எந்த வரிசையில் வடிகட்டினோம் என்று தேடுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் 'பேஸ்ட்' பட்டனை அழுத்தினால் கட்டளைகள் சின்டாக்ஸ் கோப்பில் சேரும், அதை விடாமல் செய்கிறவர்களுக்கு இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் மெனு கையில் இருக்கும்போது புதிதாகக் கற்பவர் அதை அழுத்துவது அபூர்வம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நம் துறையின் நிலைமைதான். 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவு 2015-இல் சயன்ஸ் இதழில் வந்தது: மூல ஆய்வுகளில் 97 சதவீதத்தில் பி-மதிப்பு (விளைவே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.05 என்ற வழக்கமான வரம்புக்குக் கீழே இருந்தது, திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான். எந்தத் தரவை நீக்குவது, எங்கே நிறுத்துவது என்று வசதிக்கு மாற்றிக்கொள்வது இல்லாத விளைவைக்கூட இருப்பதாகக் காட்டிவிடும். மேலே சொன்ன வரம்பும் அப்படிப்பட்ட ஒரு முடிவுதான், அது ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

ஆரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே கூட்டத்திலிருந்து இரண்டு குழுக்களை எடுத்து 1,000 தடவை டி-சோதனை ஓட்டுங்கள், 50 தடவைக்குப் பக்கத்தில் 'விளைவு இருக்கிறது' என்று வரும். பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, நடுநடுவே எட்டிப் பார்த்து, சாதகமாக வந்ததும் நிறுத்தினால் அந்த எண் கிடுகிடுவென ஏறும். பி-மதிப்பு எனக்கு உண்மையிலேயே பிடிபட்டது இதில்தான்.

ஒரு எச்சரிக்கை: குழுக்களின் அளவு சமமில்லாதபோது அனோவாவில் (பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) எஸ்பிஎஸ்எஸ் தானாக மூன்றாம் வகை வர்க்கக் கூட்டலை (வித்தியாசத்தைக் காரணிகளுக்குப் பிரித்துக் கணக்கிடும் ஒரு முறை) எடுக்கும், ஆரின் அடிப்படைக் கட்டளை முதல் வகையை எடுக்கும். விடைகள் ஒத்துப்போகாவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

ஜமோவி, ஜாஸ்ப் என்று வேறு இரண்டு புள்ளியியல் மென்பொருள்களும் உண்டு; இரண்டும் இலவசம், மெனுவும் உண்டு. நான் அவற்றில் சின்னப் பயிற்சிகளுக்கு மேல் போனதில்லை; ஒரு பருவப் பாடத்தோடு முடிகிறவர்களுக்குப் போதும் என்று படுகிறது. ஆய்வேடு எழுதப்போகிறவர்கள் முன்னோட்டத் தரவிலேயே ஆரைத் தொடங்கிவிடுங்கள், முழுத் தரவு வரும்போது ஸ்கிரிப்ட் தயாராக இருக்கும்.