இரண்டு குரல், இரண்டு காது: பார்வையற்றோருக்கு ஜூம், மீட், டீம்ஸ், ஜிட்சி எப்படி?

ஒரு மீட்டிங் செயலி பார்வையற்றோருக்குச் சரிப்படுமா என்று கேட்டால், "பொத்தான்களுக்குப் பெயர் இருக்கிறது, ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) வாசிக்கிறது" என்பதோடு பல மதிப்புரைகள் முடிந்துவிடுகின்றன. உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பேசுகிறவரின் குரலும் ஸ்கிரீன் ரீடரின் குரலும் ஒரே நேரத்தில் காதில் விழும். மேலாளர் உங்களிடம் கேள்வி கேட்கும் அதே நொடியில், யாரோ உள்ளே வந்த செய்தியை ஸ்கிரீன் ரீடர் படிக்கும், கேள்வி போய்விடும். அதனால் இங்கே இரண்டே அளவுகோல். வேண்டாத அறிவிப்பை அடக்க முடிகிறதா? மைக் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஒரே விசையில் சந்தேகமில்லாமல் தெரிகிறதா?

சென்னையில் வங்கி ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், டிஎன்பிஎஸ்சி வகுப்பில் சேர்ந்திருக்கும் மாணவர்கள் எனப் பலரும் வைத்திருப்பது விண்டோஸ் லேப்டாப்பில் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர், ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர். அந்த அமைப்பை மனதில் வைத்தே இந்த மதிப்பீடு. ஜாஸ் என்ற வேறொரு ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்களுக்கும் செயலிகளின் குறுக்கு விசைகள் இவையேதான்.

முதலிடம் ஜூமுக்கு, அதுவும் நல்ல இடைவெளியில். ஆல்ட் + ஏ அழுத்தினால் மைக் மாறும். எந்த நிலைக்கு மாறியது என்பதையும் ஸ்கிரீன் ரீடர் சொல்லும். ஆல்ட் + வி கேமராவுக்கு, ஆல்ட் + ஒய் கை உயர்த்த, ஆல்ட் + ஹெச் சாட்டுக்கு, ஆல்ட் + யு பங்கேற்பாளர் பட்டியலுக்கு. இப்போது பேசுவது யார் என்று தெரிய வேண்டுமா? கண்ட்ரோல் + 2. முகம் தெரியாமல் இருபது பேர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த ஒரு விசையின் அருமை தெரியும்.

ஜூமை மற்றவற்றிலிருந்து பிரித்து நிறுத்துவது அமைப்புகளில் உள்ள 'அக்சஸிபிலிட்டி' பகுதி. ஸ்கிரீன் ரீடருக்குப் போகும் அறிவிப்புகள் அங்கே வகைவாரியாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாக அணைக்கலாம். வகுப்பில் சேரும் மாணவர் என்றால் 'சேர்ந்தார், வெளியேறினார்' வகையை முதலில் அணையுங்கள். சாட் செய்தி, மைக் நிலை, ஹோஸ்ட் உங்களை மியூட் செய்தது ஆகியவை இருக்கட்டும். நீங்களே ஹோஸ்ட் என்றால் காத்திருப்பு அறை அறிவிப்பை அணைக்காதீர்கள். ஆட்கள் வெளியே நிற்பது தெரியாமலே போகும்.

இன்னொரு அமைப்பு பலர் கண்ணில் படாமல் இருக்கிறது. ஆல்ட் + ஏ இயல்பாக ஜூம் ஜன்னல் முன்னால் இருக்கும்போதுதான் வேலை செய்யும். வேர்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் அது வேர்டுக்குப் போய்விடும், மைக் அசையாது. அமைப்புகளில் குறுக்கு விசைப் பட்டியலுக்குப் போய், ஆல்ட் + ஏ வரிசையில் 'குளோபல்' என்ற பெட்டியில் டிக் செய்தால் எந்த ஜன்னலில் இருந்தாலும் மைக் மாறும். ஸ்பேஸை அழுத்திப் பிடித்துப் பேசும் வசதியை மட்டும் அணைத்துவிடுவது நல்லது. ஏதாவது பொத்தானின் மேல் ஃபோகஸ் (விசைப்பலகை அந்த நேரத்தில் இயக்கும் இடம்) நிற்கும்போது ஸ்பேஸ் அந்தப் பொத்தானையே அமுக்கிவிடக்கூடும்.

மீட்டிங் நடுவே விசைகள் திடீரென்று பதில் சொல்லவில்லை என்றால், கூட்டம் பதிவாகிறது என்று ஒப்புதல் கேட்கும் பெட்டி போல ஏதாவது முளைத்து நிற்கிறதா என்று பாருங்கள். எஃப்6 ஜூமின் திறந்த ஜன்னல்களுக்கு இடையே கொண்டுபோகும். கட்டுப்பாட்டுப் பட்டை சில நொடிகளில் மறைவதும் குறைபார்வை உள்ளவர்களுக்குத் தொல்லை. அதை எப்போதும் காட்டும்படி வைக்கலாம். இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான் என்பது ஊருக்கே தெரிந்த குறை.

கூகுள் மீட் எளிது. லிங்கைத் தட்டினால் போதும், கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டாம். மூன்று பேர் அல்லது அதற்கு மேல் என்றாலும் இலவசமாக 60 நிமிடம் ஓடும். ஆனால் பிரவுசருக்குள் ஓடுவதே அதன் பலவீனமும். மைக்குக்கு கண்ட்ரோல் + டி, கேமராவுக்கு கண்ட்ரோல் + ஈ. ஃபோகஸ் முகவரிப் பட்டியில் நின்றால் முதல் விசை புக்மார்க் பெட்டியைத் திறக்கும், இரண்டாவது தேடலுக்குப் போகும். மைக் மட்டும் அப்படியே திறந்து கிடக்கும். அழுத்தியதும் 'மைக் அணைந்தது' என்ற பதில் காதில் விழாவிட்டால் அணையவில்லை என்றே கொள்ளுங்கள். எஃப்6 அழுத்திப் பக்கத்துக்குள் வந்துவிட்டு மறுபடி அழுத்தவும். கை உயர்த்த கண்ட்ரோல் + ஆல்ட் + ஹெச், சாட்டுக்கு கண்ட்ரோல் + ஆல்ட் + சி.  நாலு பேர் பேசும் வீட்டுக்கூட்டத்துக்கு மீட் போதும்.

டீம்ஸ் பெரும்பாலும் அலுவலகம் நம் தலையில் கட்டுவது. தேர்வு செய்ய வாய்ப்பில்லை. கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எம் மைக், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + கே கை உயர்த்தல், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எல் யார் யார் கை உயர்த்தியிருக்கிறார்கள் என்று வாசிக்கும். பகுதி விட்டுப் பகுதி தாவ கண்ட்ரோல் + எஃப்6. டேப் விசையை மட்டும் நம்பி நடந்தால் பாரிமுனை நெரிசலில் மாட்டிய மாதிரிதான். ஜன்னலுக்குள் அவ்வளவு அடுக்குகள். அம்புக்குறி விசைகள் எதிர்பாராமல் நடந்தால் என்விடிஏ + ஸ்பேஸ் (என்விடிஏ விசை என்பது இயல்பாக இன்சர்ட்) அழுத்தி, விசைகள் பக்கத்தைப் படித்து நகர உதவும் பிரவுஸ் நிலைக்கும், விசைகள் நேராகச் செயலிக்கே போகும் ஃபோகஸ் நிலைக்கும் மாறிப் பாருங்கள். இத்தனை சிக்கலுக்கு நடுவே ஒன்றில் டீம்ஸ் மற்ற மூன்றையும் முந்துகிறது: பவர்பாயின்ட் லைவ் வழியாகப் பகிரும் ஸ்லைடை ஸ்கிரீன் ரீடர் எழுத்தாகவே வாசிக்கும், பேசுபவர் தடுத்து வைக்காத வரை நீங்களே முன்னும் பின்னும் போகலாம்.

ஜிட்சி திறந்த மூல மென்பொருள், கொள்கை அளவில் பிடித்தது. ஆனால் அதன் குறுக்கு விசைகள் ஒற்றை எழுத்துகள்: எம் மைக், வி கேமரா, ஆர் கை, சி சாட். என்விடிஏ பிரவுஸ் நிலையில் இதே எம் அடுத்த ஃபிரேமுக்குத் தாவும், ஆர் ரேடியோ பொத்தானைத் தேடும். ஃபோகஸ் நிலையில் இருக்கிறோமா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புதியவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

எந்தச் செயலி என்பதைவிட ஒலி அமைப்பு முக்கியம். என்விடிஏவில் 2024-இல் வந்த வசதி ஒன்று: என்விடிஏ + ஆல்ட் + எஸ் அழுத்தினால் ஸ்கிரீன் ரீடர் ஒரு காதிலும் மற்ற ஒலிகள் மறு காதிலும் ஒலிக்கும். பழைய பதிப்பிலேயே இருப்பவர்கள் இதற்காகவாவது புதுப்பிக்கலாம். ஒற்றைக் காது ஹெட்செட்டில் இது உதவாது. அடுத்து என்விடிஏ + ஷிஃப்ட் + டி. ஸ்கிரீன் ரீடர் பேசும்போதெல்லாம் மற்ற ஒலிகளைத் தாழ்த்தும் அமைப்பு அது. மீட்டிங்கின்போது அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சாட் செய்திக்கும் பேசுபவரின் குரல் அமுங்கும்.

ப்ளூடூத் ஹெட்செட் வேண்டாம். மைக் திறந்ததும் அது தொலைபேசி அழைப்புத் தரத்துக்கு இறங்கும். ஸ்கிரீன் ரீடரின் பேச்சு மங்கும், தாமதமாகவும் வரும். ரிச்சி தெருவில் கம்பி ஹெட்செட் வாங்கும்போது லேப்டாப்பின் துளையைச் சொல்லுங்கள்: ஒரே துளை என்றால் மூன்று கருப்பு வளையம் உள்ள ஒற்றைப் பின் வேண்டும். மைக்குக்குத் தனிப் பின் உள்ள பழைய வகை என்றால் இரண்டையும் இணைக்கும் சின்னக் கேபிளும் சேர்த்து வாங்க வேண்டும். யுஎஸ்பி வகை வாங்கினால் விண்டோஸ் அதைத் தனி ஒலிச் சாதனமாகக் காட்டும். மீட்டிங்கை ஒன்றிலும் என்விடிஏவை மற்றொன்றிலும் ஓட்டலாம். ஸ்பீக்கரில் மட்டும் வைத்துப் பேசாதீர்கள், ஸ்கிரீன் ரீடர் வாசிப்பது மைக் வழியாக எல்லாருக்கும் கேட்கும். ஜூமில் திரையைப் பகிரும்போது 'ஒலியையும் பகிர்' என்பதை டிக் செய்தாலும் அதேதான்.

சாட்டில் தமிழ் வந்தால் ஆங்கிலக் குரல் அதை எழுத்தெழுத்தாக வாசிக்கும், அல்லது தாண்டிப் போகும். விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைப் பேச்சுடன் சேர்த்தால் 'வள்ளுவர்' குரல் கிடைக்கும். கண்ட்ரோல் + என்விடிஏ + எஸ் அழுத்தி விண்டோஸின் சொந்தக் குரல்களான 'விண்டோஸ் ஒன்கோர்' தேர்ந்தெடுங்கள். ரோமன் எழுத்தில் தமிழ் தட்டும் நண்பர்களுக்கு எந்தக் குரலிலும் மருந்தில்லை.

மழை நாளில் நெட் போனால், ஹோஸ்டின் ஜூம் கணக்கில் தொலைபேசி எண் வசதி இருக்கும் பட்சத்தில் சாதாரண அழைப்பிலேயே சேரலாம். நட்சத்திரம் 6 மைக்குக்கு, நட்சத்திரம் 9 கை உயர்த்த.

பகிர்ந்த திரை இந்த எல்லாச் செயலிகளிலும் வெறும் வீடியோப் படம். பவர்பாயின்ட் லைவ் தவிர எதையும் ஸ்கிரீன் ரீடர் வாசிக்காது. "இதோ, இங்கே பாருங்கள்" என்று ஆசிரியர் கோடு போடுவது காற்றில் போகும். குறைபார்வை உள்ளவர்கள் விண்டோஸ் + பிளஸ் அழுத்திப் பெரிதாக்கலாம், கண்ட்ரோல் + ஆல்ட் + ஐ நிறங்களைத் தலைகீழாக்கும். முற்றிலும் பார்வையற்றவருக்குக் கோப்பு முன்கூட்டியே வர வேண்டும். அது ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் பயனில்லை. யுனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் இருந்தாலும் பயனில்லை. ஸ்கிரீன் ரீடருக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தமிழக அரசு 2010-லேயே யுனிகோடை ஏற்றுவிட்டது, பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னும் ஓயவில்லை. வகுப்பு நடத்துபவர்கள் மாற்றி மென்பொருளில் யுனிகோடாக்கிவிட்டு, ஒரு பத்தியையாவது என்விடிஏவில் கேட்ட பிறகே அனுப்புங்கள். கொம்பு இடம் மாறியிருந்தால் கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது.