பழைய டெஸ்க்டாப்பில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது: மூன்று வழிகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை, குறைந்தபட்சம் அதுவாவது வேண்டும். 2017-ல் ஆசை ஆசையாக அசெம்பிள் செய்த கோர் ஐ5-7400, ரைசன் 5 1600 இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை. எக்செல், யூடியூப், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் வேலை என்று இன்றைக்கும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டங்கள்தான். ஆனாலும் எல்லோரும் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கடையில் கேட்டால், "மொத்தமா மாத்திடுங்க சார், பழசுக்கு பார்ட்ஸ் கிடைக்காது" என்பார்கள். நண்பரைக் கேட்டால், "ப்ராசசரை மட்டும் மாத்து, போதும்" என்பார். யார் சொல்வது உங்களுக்குப் பொருந்தும் என்பதை ப்ராசசர் முடிவு செய்வதில்லை; மதர்போர்டில் செருகியிருக்கும் ரேம்தான் முடிவு செய்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்புகள் போய்ச் சேருவதால் 2025-இன் பிற்பாதியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறி, சில மாதங்களிலேயே இரட்டிப்பைத் தாண்டியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், நம் ஊர்க் கடைகளிலெல்லாம் தொங்கிய தன் 'குரூஷியல்' பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆகவே உங்கள் பழைய பெட்டிக்குள் இருக்கும் 16 ஜிபி டிடிஆர்4 ரேமை லேசாக நினைக்க வேண்டாம்.

பழைய தலைமுறை டிடிஆர்4, புதிய தலைமுறை டிடிஆர்5 இரண்டு ரேமுக்கும் 288 பின்கள்தான். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. டிடிஆர்5 போர்டு வாங்கிய நிமிடமே பழைய ரேம் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம். இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றில் ஐ5-7400, இன்னொன்றில் ரைசன் 5 1600. மற்றபடி இரண்டிலும் 8 ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, ஒரு சாட்டா எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் டப்பா).

முதல் வழி: போர்டும் ரேமும் இருக்கட்டும், ப்ராசசர் மட்டும் புதிது

இது ரைசன்காரர்களுக்கு மட்டும் கிடைத்த யோகம். 2017-ல் வந்த, ஏஎம்4 சாக்கெட் (ப்ராசசர் உட்காரும் இடம்) கொண்ட பி350 போர்டில் 2022-ல் வந்த ரைசன் 5 5600 ஓடும். முதலில் ஏஎம்டி இதற்கு இழுத்தடித்தது. 2022-ல்தான் பி350 சேர்ந்த பழைய 300 வரிசை போர்டுகளுக்கும் அதற்கான பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) வந்தது. பழைய 1600-க்கும் 5600-க்கும் 6 கோர், 12 த்ரெட், 65 வாட் என்று எண்கள் ஒன்றுதான். வேகம் ஒன்றில்லை. பயன்படுத்தும்போது தெரியும் வித்தியாசம் அது, பெஞ்ச்மார்க் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வீடியோ எடிட்டிங் என்றால் 8 கோர் 5700எக்ஸ் வரை போகலாம்.

இங்கே செய்யும் வேலையில் வரிசை முக்கியம். பழைய ப்ராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். புதியதை மாட்டிவிட்டு ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். பழைய பயாஸுக்கு இந்த ப்ராசசரைத் தெரியாது. அப்டேட் ஓடும் சில நிமிடங்களில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

அடுத்து, ப்ராசசரின் சூட்டைத் தணிக்க மேலே உட்கார்ந்திருக்கும் கூலரைக் கழற்றும் இடம். ஏஎம்4 ப்ராசசரின் அடியில் 1331 பின்கள் ஊசி ஊசியாக நிற்கும். எட்டு வருடத்தில் இரண்டுக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பிசின் மாதிரி பிடித்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட்டின் லீவர் பூட்டியிருந்தாலும் ப்ராசசரும் சேர்ந்து வெளியே வந்துவிடும், பின்கள் வளைந்துபோகும். பழைய ப்ராசசர் விற்றால் கிடைக்கிற காசும் அத்தோடு போச்சு. கழற்றுவதற்கு முன்னால் சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவை எடுத்துவிட்டு கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகினால் பிடி விடும்.

ஒரே குறை, ரேம் 2400 வேகத்தில் இருந்தால் ரைசன் கொஞ்சம் சுணங்கும். அதன் உள் இணைப்பின் வேகம் ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டது. 3200 இருந்தால் நல்லது. ஆனால் அதற்காக இன்றைய விலையில் புது ரேம் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு ஸ்டிக்காகப் போட்டு டூயல் சேனலில் (இரண்டும் ஒரே நேரத்தில்) ஓடினால் போதும், விட்டுவிடுங்கள்.

7400 வைத்திருப்பவருக்கு இந்த வழி கிடையாது. எல்ஜிஏ 1151 சாக்கெட்டோடு 2017 ஜனவரியில் 7-ஆம் தலைமுறையை விற்ற இன்டெல், அதே அக்டோபரில் அதே 1151 சாக்கெட்டில் 8-ஆம் தலைமுறையைக் கொண்டுவந்து, "இதற்கு வேறு போர்டு வேண்டும்" என்றது. அன்று வாங்கியவர்களின் எரிச்சல் இன்றும் நியாயம்தான்.

இரண்டாம் வழி: போர்டும் ப்ராசசரும் புதிது, ரேம் பழசு

7400-காரருக்கு நான் சொல்வது இதுதான். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைக்கும் பொது. அதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. எச்610, பி660, பி760 என்று ஒரே பெயரில் இரண்டு வகையும் வருவதால் பெட்டியில் டிடிஆர்4 என்று போட்டிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்து வாங்குங்கள். அதோடு ஒரு ஐ5-12400. நாலு கோர் நாலு த்ரெட்டிலிருந்து 6 கோர் 12 த்ரெட்டுக்குத் தாவுகிறீர்கள். பழைய 8 ஜிபி ஸ்டிக் இரண்டும் அப்படியே வந்து உட்காரும்.

'எஃப்' சேர்ந்த 12400எஃப் விலை குறைவு. உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 1060 கையில் இருக்கிறதே என்று வாங்கத் தோன்றும். ஒன்பது வயதான கார்டை நம்பி அந்த வித்தியாசத்தை மிச்சப்படுத்த வேண்டாம் என்பது என் கட்சி. கார்டு ஒருநாள் படுத்துவிட்டால் கம்ப்யூட்டரே படுத்துவிடும். எஃப் இல்லாத 12400 என்றால் மானிட்டர் கேபிளை மாற்றிச் செருகிவிட்டு வேலையைத் தொடரலாம்.

கூலர் பழசு ஒத்துவராது. 1151-இல் துளைகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர்; 1700-இல் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று அழுத்திப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். பெட்டியோடு வாங்கும் 12400-க்குக் கூலர் கூடவே வருகிறது. பெட்டியில்லாமல் விற்கும் ட்ரே பீஸ் என்றால் தனியாக வாங்க வேண்டும்.

இந்த வழியின் குறை, இதற்கு மேல் பாதை இல்லை. இன்டெல் 2024 அக்டோபரிலேயே எல்ஜிஏ 1851-க்குப் போய்விட்டது. பின்னால் ஒருநாள் செகண்ட் ஹேண்டில் 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7 மாட்டலாம் என்று திட்டம் இருந்தால், அந்த ப்ராசசர்களில் அதிக வோல்டேஜால் வந்த நிலையின்மைப் பிரச்சினையை நினைவில் வையுங்கள். இன்டெல் 2024 ஆகஸ்டில் திருத்தம் கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே அடிபட்ட ப்ராசசரை எந்தத் திருத்தமும் சரியாக்காது. வாரண்டி கைமாறாத பீஸ் வேண்டாம். 12400-க்கு இந்தத் தொல்லை கிடையாது.

மூன்றாம் வழி: ஏஎம்5, எல்லாம் புதிது

ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5 ரேம். 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-க்கு அப்பாலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஏஎம்4 விஷயத்தில் சொன்னதைச் செய்தும் காட்டியது. 7600-க்கு உள்ளேயே சின்ன கிராபிக்ஸ் உண்டு. பின்கள் போர்டுக்குப் போய்விட்டன, கூலரோடு ப்ராசசர் வரும் பயமில்லை. பெரும்பாலான ஏஎம்4 கூலர்களும் பொருந்தும். நுட்பமாகப் பார்த்தால் மூன்றில் சிறந்தது இதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரேம் விலை இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடுகிறது. உங்கள் பழைய ரேம் வெறும் 8 ஜிபிதான், எப்படியும் வாங்கியாக வேண்டும் என்றால் மட்டும் இந்த வழி யோசிக்கத் தக்கது. 16 ஜிபி கையில் இருப்பவர் இப்போதைக்கு முதல் அல்லது இரண்டாம் வழியில் போய், ரேம் விலை இறங்கும்வரை ஓட்டுவதே மேல்.

எஸ்எம்பிஎஸ்: எந்த வழியிலும் முதலில் மாற்ற வேண்டியது

நம் ஊரில் தலைகீழாக நடக்கிறது. ப்ராசசரையும் கார்டையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள், "எஸ்எம்பிஎஸ் நல்லாத்தானே ஓடுது" என்று கேபினெட்டோடு வந்த டப்பாவையே தொடர்கிறார்கள். ரிச்சி தெருவில் போய் எஸ்எம்பிஎஸ் கேட்டால் வாட்டைத்தான் கேட்பார்கள். வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வெளியே 450 என்று பெரிதாக அச்சிட்ட மலிவு யூனிட்டில் அங்கே 18 என்று இருக்கலாம். 18-ஐ 12-ஆல் பெருக்கினால் 216 வாட். ப்ராசசருக்கும் கார்டுக்கும் கிடைப்பது அவ்வளவுதான். ஒழுங்கான 450 வாட் யூனிட்டில் 36 ஆம்பியர் வரை இருக்கும், அதாவது 432 வாட். முழு வேகத்தில் 12400 மட்டும் 117 வாட் இழுக்கும், 1060-க்கு 120. கூட்டிப் பாருங்கள், 216-ஐ இப்போதே தாண்டியாயிற்று. கேம் திறந்ததும் சிஸ்டம் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் விண்டோஸைத் திட்டுவதற்கு முன் அந்த ஸ்டிக்கரைப் படியுங்கள்.

ஸ்டிக்கர் நன்றாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களின் ஆயுள் பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஏசி இல்லாத அறையில் எட்டு மே மாதங்களைப் பார்த்த யூனிட்டை நான் புதுப் போர்டில் கோக்க மாட்டேன். ஐந்து வருட வாரண்டி கொடுக்கும் 550 வாட் ஒன்று வாங்கினால் அடுத்த கிராபிக்ஸ் கார்டுக்கும் உதவும்.

கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் பழைய கேபிள்களை மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள். போர்டு பக்கம் இருக்கும் முனைக்கு விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு எந்தப் பொது விதியும் இல்லை. ஒரு பிராண்டின் சாட்டா கேபிள் இன்னொரு பிராண்டில் அழகாகச் செருகிக்கொள்ளும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே கருகிவிடலாம். வீட்டு போட்டோவெல்லாம் அதில்தான் இருக்கும்.

மற்றவை

கேபினெட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஏடிஎக்ஸ் அளவு 1995-லிருந்து மாறவில்லை, துளைகள் பொருந்தும். முன்பக்கம் ஃபேன் வைக்க இடம் இருக்கிறதா, பின்னால் வாங்கப்போகும் நீளமான கார்டு உள்ளே அடங்குமா, இவ்வளவுதான் கேள்வி. தூசியை ஊதிவிட்டு ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போட்டால் இன்னும் ஓட்டலாம்.

1060-ஐ இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். 1060 சேர்ந்த பாஸ்கல் வரிசைக்கு கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும். பழைய கேம்களுக்கும் மானிட்டருக்குப் படம் காட்டுவதற்கும் ஒன்றும் குறையில்லை.

சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நிற்கும், போர்டிலேயே நேராகச் செருகும் ஜென்3 என்விஎம்இ எஸ்எஸ்டி 3500 வரை போகும். காகிதத்தில் பெரிய இடைவெளி. விண்டோஸ் திறப்பது, டாலி, பிரௌசர் போன்ற வேலைகளில் அவ்வளவாகத் தெரியாது. பழையதிலேயே தொடங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போட்டுப் பாருங்கள். ரீஅலொகேட்டட், பெண்டிங் செக்டர் (கெட்டுப்போன, கெட்டதாகச் சந்தேகிக்கும் பகுதிகள்) இரண்டிலும் பூஜ்யம் இல்லையென்றால் அதில் இருப்பதை முதலில் வேறு எங்காவது காப்பி செய்யுங்கள், பூஜ்யமே இருந்தாலும் ஒரே காப்பியை அதில் வைக்காதீர்கள்.

போர்டு மாறினால் விண்டோஸிலும் வேலை இருக்கிறது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால் பழைய போர்டிலேயே அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் புதுப் போர்டு ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால் விண்டோஸ் 11-க்கு ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. காப்பி எடுத்துவிட்டு ஓட்டுங்கள். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு போய்விடும், தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் உங்களோடு வரும்.

கழற்றிய 7400-ஐயும் போர்டையும் தனித்தனியாக விற்கப் போகாதீர்கள். போர்டு, ப்ராசசர், கூலர் மூன்றையும் சேர்த்து, ஓடுகிற நிலையில் வீடியோ எடுத்துப் போட்டால்தான் கேட்க ஆள் வரும். லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு இன்னும் சில வருடம் ஓடும். ரேமை மட்டும் அதோடு கொடுத்துவிடாதீர்கள்.