பன்றி அசல், தங்கமும் அசல், ஆனாலும் ஏமாந்தேன்

ஓஹையோ பக்கம் இருக்கும் நம் ஆட்களில் பழைய பீங்கான் சாமான் வாங்கும் கிறுக்கு உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக குக்கி ஜார் வாங்குபவர்களுக்கு. போன அக்டோபரில் 425 டாலர் கொடுத்து ஒரு பன்றி வாங்கினேன். கொடுத்த காசில் பெரும்பகுதி தண்டம். போலி ஜாடியை அசல் என்று நம்பி ஏமாந்திருந்தால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். அந்த ஏமாற்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னிடம் விற்றது அசல் ஜாடி. சிக்கல் அங்கேதான்.

முதலில் இது என்ன சாமான் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்க அடுப்படிகளில் பிஸ்கெட் போட்டு வைக்கும் பீங்கான் ஜாடி. நம் வீட்டு உப்பு ஜாடி, ஊறுகாய் ஜாடி மாதிரி அடக்கமாக இருக்காது. பன்றி, பூனை, கோமாளி, வீடு என்று ஏதாவது உருவத்தில் இருக்கும். தலையைக் கழற்றினால் அதுதான் மூடி. நாங்கள் இருக்கும் கொலம்பஸிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் போனால் ஸேன்ஸ்வில். அங்கே ஷானி பாட்டரி என்ற பீங்கான் ஆலை 1937 முதல் 1961 வரை நடந்தது. அதற்குத் தெற்கே பக்கம் பக்கமாக ரோஸ்வில்லும் க்ரூக்ஸ்வில்லும். மெக்காய், பிரஷ், ஹல் எல்லாம் அந்த மண்ணில் நடந்த ஆலைகள்தான். இப்போது எதுவும் இல்லை. கடைசி வரை தாக்குப்பிடித்த மெக்காயும் 1990இல் மூடிவிட்டது. மிச்சம் இருப்பது சாமான்களும் அவற்றை விற்கிறவர்களும்.

ஓவியர் ஆண்டி வார்ஹால் 1987இல் இறந்தார். அவர் வீட்டுப் பொருட்களை 1988இல் நியூயார்க்கில் சாதபீஸ் என்ற ஏல நிறுவனம் ஏலம் விட்டது. சந்தைகளில் சல்லிசாக வாங்கிக் குவித்திருந்த குக்கி ஜார்கள் மட்டும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலருக்குப் போயின. அதுவரை பரணில் கிடந்த ஜாடிக்கெல்லாம் மவுசு வந்தது; மவுசோடு போலியும் வந்தது.

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. அவர் அடுப்படி அலமாரியில் நாற்பதுக்கு மேல் இருக்கும். முதல் இரண்டு வருடம் எதையும் வாங்க விடாமல் அளக்க மட்டும் சொல்லிக் கொடுத்தார். அசல் ஜாடியிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால், களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். அசலை விடப் போலி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குட்டையாகிவிடும். ஹல் விற்ற சிவப்புத் தொப்பிச் சிறுமி ஜாடி 13 அங்குலம். உங்கள் கையில் இருப்பது 12 என்றால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். அடியில் 135889 என்ற வடிவுரிமை எண் இருந்தாலும் சரி, அச்சு எடுக்கும்போது எண்ணும் சேர்ந்தே வந்துவிடும். அதே சிறுமியின் அடியில் மெக்காய் என்று பொறித்தும் விற்கிறார்கள். மெக்காய் அந்தச் சிறுமியைச் செய்ததே இல்லை! தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டென்னசியில் ஒருவர் மெக்காய் பெயரையே தன் பெயரில் பதிவு செய்து, அந்த முத்திரையோடு ஜாடிகளை வார்த்துத் தள்ளிய கதையும் உண்டு.

ஆக, உயரம் பார், அடிமுத்திரை பார், அடிவளையம் (ஜாடி தரையில் உட்காரும் விளிம்பு) தேய்ந்திருக்கிறதா பார். இதுதான் என் மந்திரம். இதை வைத்துக்கொண்டு ஆறு வருடத்தில் ஒருமுறைகூட ஏமாறவில்லை என்ற மிதப்பு எனக்கு இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஒரு பழம்பொருள் சந்தையில் ஷானியின் ஸ்மைலியைப் பார்த்தேன். சிரிக்கும் பன்றி, கழுத்தில் துண்டு, கால்சட்டையில் பொத்தான். ஸ்மைலி ஒன்றும் கிடைக்காத சாமான் இல்லை. நூறு டாலருக்குள் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் இதில் காது விளிம்பு, துண்டின் ஓரம், பொத்தான், குளம்பு எல்லாம் தங்க ரேகை. வயிற்றில் நீலப் பூக்கள், அதாவது டெக்கால் என்கிற ஒட்டுப்படம். நெற்றியில் தூரிகையால் இழுத்த நாலு முடி. சேகரிக்கிறவர்கள் 'தங்கமும் முடியும்' என்று சொல்லி நாக்கைச் சப்புக்கொட்டும் வகை. சூளையில் கொப்புளமோ புள்ளியோ விழுந்த இரண்டாம் தரச் சாமானை மறைக்க ஆலையிலேயே இப்படி அலங்கரித்தார்கள் என்று சொல்வார்கள். குறையை மூடப் பூசியதற்கு இன்று குறையில்லாததை விடப் பல மடங்கு விலை. இந்த உலகம் இப்படித்தான்.

அளந்தேன். 11 அங்குலத்துக்குச் சற்று மேல், சரி. அடியில் முத்திரை, சரி. வளையம் பழுப்பேறித் தேய்ந்திருந்தது, சரி. தங்கம் பிற்பாடு தூரிகையால் அடித்த பெயின்டாக இருக்குமோ என்று தயங்கினேன். அந்த வியாபாரி சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் திரவத்தையும் ஒரு பஞ்சுக்குச்சியையும் எடுத்து நீட்டினார். "நீங்களே தேய்த்துப் பாருங்கள்." தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. எனக்கு அப்போதே வாங்கியாகிவிட்டது. அந்தப் பஞ்சுக்குச்சியை அவர் ஏன் தயாராக வைத்திருந்தார் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

475 கேட்டார், 425க்கு இறங்கினார். "கையில் காசாகக் கொடுத்தால்" என்றார். கொடுத்தேன். கையால் எழுதிய ரசீது ஒன்று கொடுத்தார். மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன், படிக்கவில்லை.

வீட்டுக்காரி பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏங்க, ஒரு பன்னி பொம்மைக்கு நானூறு டாலரான்னு உங்கம்மா கேட்டா என்ன சொல்வீங்க?" அம்மாவிடம் யார் சொல்லப்போகிறார்கள் என்றேன்.

மறுநாள் பாட்டியிடம் எடுத்துப் போனேன். ரொம்ப நேரம் வாயே திறக்கவில்லை. தலையைக் கழற்றி, மூடி உட்காரும் விளிம்பை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "மூடியைத் திறப்பதாக நினைத்துக்கொண்டு திற" என்றார். திறந்தேன். என் விரல்கள் தானாகக் காதுகளைப் பிடித்தன. எல்லார் விரலும் அங்கேதான் போகும். விளிம்பின் உட்புறம் முழுக்கத் தேய்ந்து, இரண்டு இடத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. எழுபது வருடம் பிள்ளைகள் திறந்து மூடிய ஜாடி. ஆனால் பிடித்துத் தூக்கிய காதில் தங்கம் நேற்று பூசியதுபோல் பளபள என்று இருந்தது. ஷோகேஸில் வைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் விளிம்பு எப்படித் தேய்ந்தது?

பிறகு நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸைக் கொடுத்தார். இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், இதுதான் முக்கியம்.

பழைய பீங்கானின் கண்ணாடி மெருகில் முடிபோல் மெல்லிய வெடிப்புகள் ஓடும். ஆலையில் பூசிய தங்கம் என்றால் வெடிப்பு பின்னால் வந்தது. அதனால் தங்க ரேகையை வெடிப்பு வெட்டிக்கொண்டு போகும், தங்கத்தின் நடுவே கறுப்புக் கோடாகத் தெரியும். என் பன்றியில் நேர்மாறு. வெடிப்பின் மேலேயே தங்கம் ஏறி, சில இடங்களில் அந்தக் கோட்டுக்குள் இறங்கி, பக்கவாட்டில் கசிந்து, இலை நரம்பு மாதிரி தெரிந்தது. வெடிப்பு பழையது, தங்கம் புதியது. இடது காதில் அரிசியின் பாதி அளவில் ஒரு சில்லு பெயர்ந்த குழி. அந்தக் குழிக்குள்ளும் தங்கம். உடைந்த பிறகு பூசினால் ஒழிய உடைந்த இடத்துக்குள் தங்கம் எப்படிப் போகும்? வயிற்றில் பூவுக்கு அடியில் ஒரு கீறல், பூவின் மேல் இல்லை, அடியில்.

இன்னொன்றும் காட்டினார். பூக்களைச் சுற்றி ஊசி முனை அளவில் குழிகள், பார்க்க மணல் தூவியதுபோல். நான் அதைப் பழமை என்று நினைத்திருந்தேன். இந்த ஜாடிகளின் உடம்பு தண்ணீர் உறிஞ்சும் மண். பத்திருபது வருடம் கழுவிக் கழுவி ஈரம் உள்ளே போயிருக்கும். அதை மறுபடி சூளையில் வைத்தால் அந்த ஈரம் ஆவியாகி மெருகைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதன் தடம்தான் அந்தக் குழிகள்.

அப்போதுதான் புரிந்தது. யாரோ நூறு டாலருக்குள் ஒரு சாதாரண ஸ்மைலியை வாங்கியிருக்கிறார்கள். பீங்கானுக்கென்றே விற்கும் திரவத் தங்கத்தை வாங்கிப் பூசி, பூவை ஒட்டி, சின்னச் சூளையில் குறைந்த சூட்டில் இன்னொரு முறை சுட்டிருக்கிறார்கள். ஆலையிலும் தங்கம் இப்படித்தான், மெருகு சுட்ட பிறகு தனியாக ஒரு சூட்டில் ஏறியது. அதனால் நகப்பூச்சுத் திரவத்துக்கு இது அசையாது. அந்தச் சோதனை, சுடாமல் மேலே அடித்த பெயின்டை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். (அதையும் கண்டபடி செய்யாதீர்கள். ஆலையே சுடாமல் பெயின்ட் அடித்து விற்ற ஜாடிகள் ஏராளம். தேய்த்தால் அசல் கன்னச் சிவப்பும் பஞ்சோடு வந்துவிடும்.) கறுப்பு விளக்கு என்கிற புற ஊதா விளக்கும் அப்படித்தான். புதுப் பெயின்டும் பசையும் அதில் வேறு நிறத்தில் மினுங்கும், சுட்ட தங்கத்தில் ஒன்றும் தெரியாது.

உயரம், முத்திரை, அடிவளையம் என்று நான் பார்த்த மூன்றும் ஜாடி அசலா என்று சொல்லும். அசல்தான். ஆனால் 425 டாலர் ஜாடிக்கு இல்லை, மேலே இருந்த வகைக்கு. குக்கி ஜாரில் அபூர்வ வகை என்று சொல்வதில் பாதி இந்த மேல்பூச்சு சமாசாரம்தான். பிரஷ் ஆலையின் பசுவையே எடுத்துக்கொள்ளுங்கள், மூடியில் பூனை உட்கார்ந்திருக்கும். பழுப்பு என்றால் சாதாரணம், ஊதா என்றால் அபூர்வம். ஒரே அச்சு, ஒரே உயரம். அளவுகோல் அங்கே ஒன்றுக்கும் உதவாது. அச்சிலேயே வரும் வித்தியாசத்தை ஒட்டவைப்பது கஷ்டம். ஸ்மைலி தலையிலேயே உண்டியல் துளை உள்ள வகை ஒன்று உண்டு, அப்படியானவற்றைச் சொல்கிறேன். பூச்சில் வரும் வித்தியாசத்தை யார் வேண்டுமானாலும் வீட்டுக் கராஜில் உண்டாக்கலாம். விலை கூடுவது பூச்சால் என்றால் லென்ஸ் இல்லாமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

வியாபாரிக்கு போன் செய்தேன். கோபப்படவில்லை, குரல்கூட உயரவில்லை. "அபூர்வமானது என்றேன். ஆலையில் பூசியது என்று நான் சொல்லவே இல்லையே" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான், சொல்லவில்லை! நான்தான் சொல்லிக்கொண்டேன். ரசீதைப் பிரித்தேன். 'பன்றி குக்கி ஜார், ஒன்று, உள்ளது உள்ளபடி.' அவ்வளவுதான். ஷானி என்ற பெயர்கூட இல்லை. கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிடமாவது முறையிட்டுப் பார்த்திருக்கலாம். காசாகக் கொடுத்தாயிற்று. கடைசியில் பெரிய மனது பண்ணி, அடுத்த முறை வாங்கும் சாமானில் 50 டாலர் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

நீங்கள் வாங்கும்போது ரசீதில் மூன்று விஷயம் எழுதித் தரச் சொல்லுங்கள்: ஆலையின் பெயர், 'ஆலையிலேயே பூசிய தங்கம்', இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்ற உறுதி. உண்மையான ஆள் தயங்காமல் எழுதுவார். எனக்கு அதற்குப்பின் விற்ற இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று, இந்த ஜாடிகளில் தின்பண்டம் போட்டு வைக்காதீர்கள். பழைய மெருகிலும் பெயின்டிலும் ஈயம் இருக்கலாம். என் பன்றிக்குள் இப்போது வீட்டுச் சாவிகள் கிடக்கின்றன.

பன்றியை விற்கவில்லை. விற்றால் என்ன சொல்லி விற்பது? தங்கம் பிற்பாடு பூசியது என்று பென்சிலில் எழுதி, மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்குப் பின் யார் கைக்குப் போனாலும் தெரியட்டும்.

போன மாதம் அதே சந்தைக்குப் போனோம். அவர் அதே இடத்தில், அதே மேசை. மேசை நடுவில் ஷானியின் பூட்ஸ் போட்ட பூனை, காதோரம் தங்கம், 550 டாலர். என்னை அடையாளம் தெரியவில்லையா, தெரியாததுபோல் இருந்தாரா, தெரியாது. லென்ஸை எடுத்துக் குனிந்தேன். பூனையின் வயிற்றில் அதே நீலப் பூ, அதே ஐந்து இதழ். பக்கத்தில் ஒரு வயதான தம்பதி பர்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் லென்ஸை நீட்டி, "காதைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். வியாபாரி மேசைக்கு அடியில் குனிந்து பஞ்சுக்குச்சியைத் தேடிக்கொண்டிருந்தார்.